எத்தனை ஸ்டார்?

அன்புள்ள சார்,

பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆங்கிலம் வரவேண்டும் என்று ஒரு வருடமாக ஆங்கில சினிமா விமர்சனங்களைப் படிக்கிறேன். தெரியாத வார்த்தையை நோட்டில் எழுதி எதிரே தமிழ் அர்த்தம் எழுதுவேன். 1,140 வார்த்தைகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் மீட்டிங்கில் வாய் வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை படிக்கலாம்? யூடியூப் விமர்சனம் கேட்டால் போதுமா?

பி.கு: உங்கள் புது நாவல் படித்தேன். மிகவும் ஆம்பிஷஸான முயற்சி.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

யூடியூப் காதோடு போய்விடும், வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை என்பது டாக்டரிடம் மாத்திரைக்குக் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் அந்த நோட்டு! வேலை முடிந்து வந்து தூக்கக் கண்ணோடு 1,140 வார்த்தைகளை எழுதியிருக்கிறீர்கள் என்பதை நினைத்தால் மனசு இளகுகிறது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு முடித்துவிட்டீர்கள் என்பதை நினைத்தால் அதைப் பிடுங்கி எறியலாமா என்று வருகிறது. என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. நான் குமாஸ்தாவாக இருந்த காலம். டீக்கடையில் வடை மடித்த ஆங்கிலப் பேப்பரில் கிடைத்த விமர்சனங்கள்தான் எனக்குப் பாடம். அதில் பிடித்த வார்த்தை ‘வாட்ச்சபிள்’. பார்க்கத்தக்கது என்று எழுதி வைத்திருந்தேன். மேனேஜர் மகளுக்கு அரங்கேற்றம். மறுநாள் அவர் எல்லோர் முன்னாலும் எப்படி இருந்தது என்று கேட்டார், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ‘வெரி வாட்ச்சபிள் சார்’ என்றேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து சீட்டுப் பெரியவர் டீ குடிக்கும்போது சொன்னார்: “அடப்பாவி, சுமாரா இருந்துச்சு, ஒரு தடவை உட்காரலாம்னு சொல்லிட்டு வந்திருக்கியே.”

அதற்கப்புறம் அந்த வருடம் எனக்கு லீவு கிடைத்த கதையை விடுங்கள். அகராதிப்படி நான் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

விமர்சகனின் ஆங்கிலத்தில் பாதி, அடிக்காமல் அடிக்கிற ஆங்கிலம். ‘எர்னஸ்ட்’ என்றால் மனசு நல்லது, படம் வரவில்லை. ‘காம்பிடன்ட்’ என்றால் தப்பில்லை, உயிரும் இல்லை. தமிழில் மட்டும் என்ன? ‘முயற்சியைப் பாராட்டலாம்’ என்று ஒருவர் எழுதினால் நீங்கள் டிக்கெட் எடுப்பீர்களா? அகராதியில் பாராட்டுக்குப் பாராட்டு என்றுதான் போட்டிருக்கும்.

அதனால் அர்த்தம் எழுதாதீர்கள், ஸ்டார் எழுதுங்கள். அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டைப் படியுங்கள். சிகாகோ சன்-டைம்ஸ் பேப்பரில் 1967 முதல் 2013இல் இறக்கும்வரை எழுதினார். 1975இல் பத்திரிகை எழுத்துக்கு அமெரிக்காவில் தரும் பெரிய பரிசான புலிட்சர் வாங்கினார், சினிமா விமர்சகர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் முறை. தினசரிப் பேப்பர் வாசகனுக்கு எழுதியவர் என்பதால் நம்மைப் பயமுறுத்தமாட்டார். அவர் கணக்கு நாலு ஸ்டார், நம் பேப்பர்களைப்போல ஐந்து அல்ல. இரண்டரை ஸ்டார் படங்களாகப் பத்து எடுத்து, அவற்றில் என்னென்ன பாராட்டு வருகிறது என்று மட்டும் பாருங்கள், பிறகு நாலு ஸ்டாருக்குப் போங்கள். சொல்லின் எடை தெரிந்துவிடும். உங்கள் தொழிலிலேயே பாருங்கள், பையர் சாம்பிளைத் தடவிப் பார்த்துவிட்டு ‘டீசண்ட்’ என்று சொன்னால் நீங்கள் சந்தோஷமாக ஃப்ளோருக்கு ஓடி கட்டிங் போடச் சொல்வீர்களா, இல்லை இன்னொரு சாம்பிள் அனுப்பட்டுமா என்று கேட்பீர்களா? உங்கள் நோட்டில் டீசண்ட்டுக்கு எதிரே ‘கண்ணியமான’ என்றுதான் இருக்கும், சத்தியம் பண்ணுகிறேன்.

மீட்டிங்கில் வாய் வராததற்கு வேறு காரணம். நீங்கள் சேர்த்ததெல்லாம் தீர்ப்பு சொல்கிற வார்த்தைகள். விமர்சனத்தில் கதைச்சுருக்கம் வருமே, நீங்கள் தாண்டிப் போகிற அந்த இரண்டாம் பத்தி, அதில்தான் ஆள் வருகிறான், போகிறான், ஏமாற்றுகிறான், மாட்டிக்கொள்கிறான். பேச அதுதான் வேண்டும். அதை வாய்விட்டுப் படியுங்கள், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று. ஐந்து வருடம் உட்கார்ந்து எழுதிய நாவலை ‘ஆம்பிஷஸான முயற்சி’ என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் நோட்டில் அதற்கு எதிரே என்ன எழுதியிருக்கிறீர்களோ தெரியாது, நான் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த கடிதத்தில் வார்த்தை வேண்டாம். நாலுக்கு எத்தனை ஸ்டார் என்று மட்டும் எழுதுங்கள்.