லடாக்கா, ஸ்பிட்டியா? மே மாதம், மாமியாரோடு

கேள்வி: நாங்கள் சேலம் அஸ்தம்பட்டி. நான், கணவர், ஆறாம் வகுப்புப் பையன், 66 வயது மாமியார். மாமியார் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக நடப்பார். மே இரண்டாம் வாரம் ஒன்பது நாள் லீவு. ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் இரண்டு பேக்கேஜ் கொடுத்திருக்கிறார். லடாக், லேயிலிருந்து லே வரை ஆளுக்கு 31,000 ரூபாய். போய் இறங்கிய மறுநாளே நூப்ரா பள்ளத்தாக்கு, அப்புறம் பாங்காங் ஏரிக்கரையில் டென்ட். ஸ்பிட்டி (இமாச்சலில் ஒரு மலைப் பள்ளத்தாக்கு), சண்டிகரிலிருந்து மணாலி வழியாக, சந்திரதால் ஏரியில் ஒரு ராத்திரி, ஆளுக்கு 24,000. விலை குறைவு, கூட்டமும் இல்லை, ஸ்பிட்டிதான் என்கிறார் கணவர். கிளம்பும் முன் ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கினால் உயரம் பழகிவிடுமாம். எதை எடுக்கலாம்?

பதில்: லடாக். ஆனால் அவர் கொடுத்த அட்டவணைப்படி வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 24,000. மணாலியிலிருந்து ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸாவுக்குப் போக குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும், கிட்டத்தட்ட 15,000 அடி. பனியை வெட்டி அந்த ரோட்டைத் திறப்பதற்குள் பெரும்பாலும் மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும். 2020-இல் அடல் சுரங்கம் வந்ததில் ரோத்தாங் கணவாய்த் தொல்லைதான் தீர்ந்தது, குன்சும் அப்படியேதான் இருக்கிறது. சந்திரதாலில் டென்ட் போடுவது அதற்கும் பிறகு. மே இரண்டாம் வாரத்தில் அங்கே ஒரு ராத்திரி என்று எழுதிக் கொடுப்பவர் ஒன்று அந்தப் பக்கமே போகாதவர், இல்லை ஆகஸ்ட் மாத அட்டவணையில் தேதியை மட்டும் மாற்றியவர். மணாலியில் போய் நின்றதும் "ரோடு குளோஸ் சார், நம்ம கையிலயா இருக்கு" என்பார்கள். குன்சும் திறக்காவிட்டால் எந்த வழி, எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேக்கேஜ் மாறிவிடும்.

மே மாதத்தில் நம்பிப் போகக்கூடியது சிம்லா, கின்னோர் வழிதான். சிம்லா 7,000 அடிக்கு மேல், கல்பா 9,700, தாபோ 10,700, அப்புறம் காஸா சுமார் 12,000 என்று படிப்படியாக ஏறுவதால் உடம்புக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. வழியில் தாபோவில் 996-இல் கட்டிய புத்த மடம் இன்னும் மண்சுவரோடு நிற்கிறது, பார்த்தே ஆக வேண்டிய ஒன்று. ஆனால் சிம்லாவிலிருந்து காஸாவுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல், அதை நம்ம ஊர் பைபாஸ் கணக்கில் பார்க்கக்கூடாது. ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு வருமே, அதை ஒரு பக்கம் சட்லஜ் பள்ளத்தோடு நாள் கணக்கில் ஓட்டுகிற மாதிரி. சேலத்திலிருந்து பெங்களூர் போய் சண்டிகர் பிடிக்கவும் திரும்பவும் இரண்டு நாள் போய்விடும். மிச்சம் ஏழில் காஸாவில் ஒரு முழுப் பகல் கிடைத்தால் அதிசயம். அதுவும் அங்கே மாமியாருக்கு மூச்சு வாங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் பயணம். பன்னிரண்டு நாள் லீவும் முதுகு தாங்குகிற நண்பர்களும் இருந்தால் கணவர் சொல்வதுதான் சரி, நானே ஸ்பிட்டி ஆள்தான்.

லேயில் மாவட்ட ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருக்கிறது, டெல்லிக்கு விமானமும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அதே விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் உங்களை 11,500 அடியில் இறக்கிவிடும். அதனால் முதல் இரண்டு நாள் லேயில் ரூமில் படுக்கை, வெந்நீர், சூப், அவ்வளவுதான். இறங்கிய மறுநாளே நூப்ரா என்பதை அடித்துவிடுங்கள். நூப்ரா லேயைவிடத் தாழ்வுதான், ஆனால் போகும் வழியில் கர்துங் லா கணவாய் 17,500 அடிக்கு மேல்; பத்து நிமிஷம் போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். பாங்காங் சுமார் 14,000 அடி, அங்கே ராத்திரி தூங்குவது மாமியாருக்கு வேண்டாம். நீங்கள் மூவரும் விடிகாலை போய் இரவுக்குள் திரும்பலாம், ஆனால் நீண்ட நாள் அது. யாராவது ஒருவர் அவரோடு லேயில் இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்காட்டுக் கணக்கு உதவாது. அது 5,000 அடி, உடம்பு உயரத்துக்குப் பழகத் தொடங்குவதே சுமார் 8,000 அடிக்கு மேல்தான். உயரத்தில் வரும் உபாதைக்கான டயாமாக்ஸ் மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக வாங்கித் தராதீர்கள். சல்ஃபா அலர்ஜி உண்டா, பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் அவருடைய டாக்டர் சொல்ல வேண்டியது. இந்தப் பயணமே போகலாமா என்பதையும் முன்பணம் கட்டும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

விலைக்கு வருவோம். 31,000-இல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டா, வண்டி லடாக் பதிவு எண்ணா? நான் முதல் தடவை போனபோது மணாலி வண்டியில் லே வரை கொண்டுவந்து விட்டார்கள். பாங்காங் போக உள்ளூர் டாக்ஸிதான் எடுக்க வேண்டும், அது பேக்கேஜில் சேராது என்று டிரைவர் சாவகாசமாகச் சொன்னார். ஆளுக்கு 4,000 கூடுதலாகக் கட்டினோம்.

பெங்களூர்–டெல்லி, டெல்லி–லே இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால் காசு போச்சு. லே விமானங்கள் வானிலையால் ரத்தாவதும் சகஜம். விமானக் கம்பெனி பணத்தையோ வேறு விமானத்தையோ தரும், டெல்லி ஹோட்டல் வாடகை உங்கள் தலையில்தான், ஆகவே திரும்பும்போது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். டிராவல்ஸ்காரர் எழுதிக் கொடுத்தபடி நடக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம், ஆனால் ரசீது கையில் இருக்க வேண்டும்.

வெளி மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள். தட்டுவடை எடுத்துப் போனால் எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். கர்துங் லா ஏறும்போது எங்கள் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி, பின் சீட்டில் டப்பென்று வெடித்தது.