வெட்டுவதா, வாசலில் நிறுத்துவதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. திரையரங்கில் கெட்ட வார்த்தை வந்தால் ஒலியை அடக்கிவிடுகிறார்கள். அதே வார்த்தை கைப்பேசியில் ஓடும் இணையத்தொடரில் தாராளமாக வருகிறது. ஆபாசமானவற்றை அடியோடு வெட்டிவிட வேண்டுமா, சிறுவர்கள் பார்க்காதபடி கட்டுப்படுத்தினால் போதுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வளர்ந்தவர்களுக்கென்று எடுக்கப்பட்ட படத்தில் கத்தரி வைக்கக் கூடாது, அது சிறுவர் கண்ணில் படாமல் தடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் என் கட்சிக்காரர்கள் பலரும் இதில் முதல் பாதியை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் பாதி வரும்போது தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். உங்கள் கேள்வி அந்த இரண்டாம் பாதியைப் பற்றியது.

1920-இல் சென்னையில் தணிக்கை வாரியம் அமைந்தபோது அது காவல்துறை ஆணையரின் கையில்தான் இருந்தது. வெள்ளையர் ஆட்சிக்கு ஆபாசத்தைவிட அரசியலைப் பற்றிய கவலையே பெரிது. விடுதலைக்குப் பின் 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் எல்லோரும் பார்க்கத்தக்க 'யு', வளர்ந்தவர்களுக்கு மட்டுமான 'ஏ' என்ற இரண்டு வகைகளை வைத்துக்கொண்டது. 1983-இல், சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்னும் 'யு/ஏ' சேர்ந்தது; அந்த ஆண்டே வாரியத்தின் பெயரிலிருந்து தணிக்கை என்ற சொல் போய், சான்றளிப்பு என்ற சொல் வந்தது. நாம் இன்றைக்கும் 'சென்சார்' என்றுதான் சொல்கிறோம். அதில் தவறில்லை, ஏனெனில் வெட்டச் சொல்லும் அதிகாரம் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. படம் தொடங்குமுன் திரையில் சில நொடிகள் நின்று மறையும் சான்றிதழைக் கவனித்திருப்பீர்கள். அதன் இடது கீழ் மூலையில் சிறிய முக்கோணம் ஒன்று போடுவது வழக்கம். வெட்டுப்பட்ட படம் என்பதற்கு அது அடையாளம். எதை, எவ்வளவு நீளத்துக்கு வெட்டினார்கள் என்ற பட்டியல் சான்றிதழின் இரண்டாம் பகுதியில் இருக்கும். அரங்கில் அந்த முக்கோணத்தைத் தேடிப் பார்க்கிறவரை நான் கண்டதில்லை.

வாரியத்தையே முழுக்கக் குறை சொல்வதும் நியாயமில்லை. தமிழ்நாட்டில் 2006-இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு கிடைத்தது. 2011-இல் அதற்கு 'யு' சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அதன்பின் பல தயாரிப்பாளர்கள் 'யு/ஏ' என்று சொன்னவுடனே "எதை எடுத்தால் யு கிடைக்கும்?" என்று தாங்களாகவே கேட்கத் தொடங்கினார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தச் சலுகை பழைய வடிவில் இல்லை; தொலைக்காட்சி உரிமை என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. 'ஏ' படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. எனவே திரையரங்குக்கு ஒரு பிரதியும் வீட்டு வரவேற்பறைக்கு வெட்டிய இன்னொரு பிரதியுமாக ஒரே படம் இரண்டாகிறது. வயதுக் கட்டுப்பாடு என்று எழுதிவைத்த சான்றிதழ், பணம் நடுவில் வந்ததும் தானே கத்தரியாகிவிடுகிறது.

இனி வாசலுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்த் திரையரங்கில் 'ஏ' படத்தின் இரவுக் காட்சிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் தோளில் நான்கு வயதிருக்கும் குழந்தை. கையைப் பிடித்தபடி பத்து வயதுப் பையன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பெரியவர் பையனை ஏற இறங்கப் பார்த்தார். "தூங்கிடுவாங்கண்ணே" என்றார் தகப்பனார். அவ்வளவுதான், உள்ளே விட்டுவிட்டார்கள். சிறியது தூங்கியது; பையன் கடைசிவரை கண் கொட்டாமல் பார்த்தான். 18 வயது நிரம்பாதவருக்கு 'ஏ' படம் காட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. அந்தப் பெரியவருக்கு இது தெரிந்திருக்காது; தெரிந்திருந்தாலும், குடும்பத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்பி வாய்ச்சண்டைக்கு நிற்க அவருக்குக் கிடைக்கும் சம்பளம் போதாது. இப்படித் திறந்தே கிடக்கும் வாசலைக் காட்டித்தான், வெட்ட வேண்டும் என்று சொல்கிறவர்கள் தங்கள் வழக்கை வெல்கிறார்கள்.

கைப்பேசியிலும் கதை இதுவே. இணையத்தளங்கள் தங்கள் தொடர்களைத் தாங்களே வயதுவாரியாக வகைப்படுத்த வேண்டும், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானவற்றுக்குப் பூட்டு வசதி வேண்டும், 'ஏ' வகைக்கு நம்பத்தக்க வயதுச் சரிபார்ப்பு வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. பூட்டு இருக்கிறது, ஆனால் குடும்பம் முழுவதற்கும் ஒரே கணக்கு, ஒரே கடவு எண், அதுவும் பெரும்பாலும் வீட்டில் யாரோ ஒருவரின் பிறந்த ஆண்டு. முதல் வேலையாக மகனுக்குத் தனிக் கணக்குத் திறந்து, வயதைக் குறித்து, உங்கள் கணக்குக்கு அவன் ஊகிக்க முடியாத எண்ணைப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: எது ஆபாசம் என்று தீர்மானிப்பவர் யார்? எனக்கு ஆபாசமாகத் தெரிவது இன்னொருவருக்குக் கலையாகத் தெரிகிறதே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: நீதிமன்றங்களே இதில் தடுமாறித்தான் நடந்திருக்கின்றன. எளிதில் கெடக்கூடிய மனத்தை இது கெடுக்குமா என்று பார்க்கும் அளவுகோல் 1868-இல் இங்கிலாந்தில் பிறந்தது. நம் உச்ச நீதிமன்றம் ஓர் ஆங்கில நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் வழக்கில் 1964-இல் அதை ஏற்றுக்கொண்டது. இந்த அளவுகோலின் கோளாறு வெளிப்படை: ஊரிலேயே பலவீனமான மனம் எதுவோ அதற்கு ஏற்றபடி ஊர் முழுவதும் படிக்க வேண்டும்.

பிறகு ஒரு புகைப்படம் வந்தது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த கறுப்பினப் பெண்ணும் ஆடையின்றி நிற்கும் படம். எடுத்தவர் அந்தப் பெண்ணின் தந்தை. நிறவெறிக்கு எதிராக அவர்கள் சொல்ல நினைத்ததே அதன் பொருள். 1993-இல் கொல்கத்தாவின் ஓர் இதழும் ஒரு நாளிதழும் அதை மறுபதிப்புச் செய்ய, வழக்கு இருபது ஆண்டுகள் நடந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் பழைய அளவுகோலைக் கைவிட்டது. படத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும், அது சொல்லவரும் செய்தியைப் பார்க்க வேண்டும், இக்காலச் சமூகத்தின் சராசரி மனிதர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்க வேண்டும் என்றது. உடல் தெரிகிறது என்பதால் மட்டும் ஒன்று ஆபாசமாகிவிடாது. இதுவும் நெகிழ்கிற அளவுகோல்தான், மறுக்கவில்லை. அளவுகோல் நெகிழும்போது தீர்ப்பு தவறவும் செய்யும். தவறான வகைப்பாட்டால் 17 வயதுக்காரர் ஓராண்டு காத்திருக்க நேரும். தவறான வெட்டால் அந்தக் காட்சி யாருக்கும் இல்லாமல் போகும். வெட்டைவிடக் கட்டுப்பாடு மேல் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

கேள்வி: ஆபாசத்தை விடுங்கள். ஒரு சமூகத்தின் மனத்தைப் புண்படுத்தும் படத்தை என்ன செய்வது? அதற்கு வயதுக் கட்டுப்பாடு பயன்படாதே? (வாசகர், சேலம்)

பதில்: பயன்படாதுதான். அதனால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாமல் இருப்பது நல்லது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் இடஒதுக்கீட்டை விமர்சித்ததால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வாரியம் கொடுத்த 'யு' சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக்கொடுத்தது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற அச்சுறுத்தலுக்காக அரசு கருத்துரிமையைக் கைவிட முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை வரிக்கு வரி ஏற்கிறேன். சொன்னதை அரசுகள் கேட்டனவா என்பது வேறு விஷயம். 2013-இல் சான்றிதழ் பெற்ற 'விஸ்வரூபம்', சில அமைப்புகளின் எதிர்ப்பை அடுத்து மாவட்ட ஆட்சியர்கள் போட்ட 144 தடையாணையால் தமிழ்நாட்டில் நின்றது. பேச்சுவார்த்தைக்குப் பின் சில இடங்களில் ஒலியை அடக்கிய பிறகே வெளியானது. சட்டப்படி வெட்டும் வாரியத்திடம் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். தெருவில் நிற்கும் கூட்டத்திடம் அது நடக்காது.

கேள்வி: அப்படியானால் எதையுமே தடை செய்யக் கூடாது என்கிறீர்களா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: இல்லை. படம் எடுக்கும்போதே ஒருவருக்குத் தீங்கு நடந்திருந்தால் அங்கே வகைப்பாட்டுக்கு இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கும் பதிவுகள், ஒருவரின் சம்மதமில்லாமல் எடுத்துப் பரப்பும் அந்தரங்கக் காணொளிகள் ஆகியவை வளர்ந்தவருக்கும் கூடாதவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவும் போக்சோ சட்டமும் முதல் வகைக்கென்றே இருக்கின்றன. குழந்தைகள் தொடர்பான அத்தகைய காணொளியைக் கைப்பேசியில் வைத்திருந்தவர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததையும், அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளுபடி செய்ததையும் செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு சொல் திருத்தம். இவற்றை ஆபாசப் படம் என்று அழைக்கக் கூடாது, குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் மற்றும் வன்முறைப் பதிவு என்றே குறிப்பிட வேண்டும் என்றது நீதிமன்றம். ஆபாசம் என்ற சொல்லில் பார்ப்பவரின் கூச்சம்தான் தெரிகிறது. பதிவில் இருக்கும் குழந்தை தெரிவதில்லை. நம் நாளிதழ்த் தலைப்புகளில் இந்தத் திருத்தம் இன்னும் முழுதாக நடக்கவில்லை.