அன்றைய தண்ணீர்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் சித்திரப் பாட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 1999 இல் சென்கிளயர் நீர்வீழ்ச்சியை எண்ணெய் வர்ணத்தில் வரைந்தேன். நல்ல மழைக்காலம், பாறை தெரியாமல் தண்ணீர் கொட்டிய நேரம். அன்றிலிருந்து படம் எங்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறது. போன மாதம் பேத்தி பார்த்துவிட்டு, "பாட்டி, அங்க இவ்வளவு தண்ணி இல்லையே" என்றாள். அதிலிருந்து மனது சரியில்லை. தண்ணீரைக் குறைத்து, இன்றைக்கு உள்ளபடி திருத்திவிடலாமா? முன்பக்கத்துத் தேயிலையும் பிடிக்கவில்லை, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது. இத்தனை காலம் கழித்துப் படத்தில் கை வைப்பது சரியா?

– ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

தண்ணீரில் கை வைக்காதீர்கள். தேயிலையில் தாராளமாக வையுங்கள்.

பேத்தி சொன்னது உண்மைதான். 2012 இல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து, கொத்மலை ஓயாவின் தண்ணீரைத் தலவாக்கலையிலேயே அணை கட்டி மறித்து, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கப் பாதையில் கொண்டுபோகிறார்கள். நீர்வீழ்ச்சி அணைக்குக் கீழே இருக்கிறது. பகலில் பத்தரை மணி நேரம், அளந்துவிடும் தண்ணீர்தான் அதற்கு. அந்த 150 மெகாவாட் நாட்டுக்குத் தேவையா இல்லையா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. ஆனால் நீங்கள் வரைந்தபோது அந்த ஆறு யாரும் அளந்து விடாமல் தானாக வந்துகொண்டிருந்தது. அதை நேரே நின்று பார்த்து, வர்ணத்தில் வைத்தவர் நீங்கள். பேத்தி பார்க்க முடியாத ஒன்று உங்கள் ஹோல் சுவரில் இருக்கிறது. அதைக் குறைத்தால் அவளுக்கு எங்கே போய்க் காட்டுவீர்கள்?

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். தோட்டத்து வளைவில் நின்ற பெரிய சவுக்கு மரத்தை (சில்வர் ஓக் என்கிறார்களே, அது) ஒரு படத்தில் வரைந்திருந்தேன். சில வருடம் கழித்து அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். வெறும் வளைவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படத்தில் இருந்த மரம் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதன் மேல் வானத்தைப் பூசி மூடினேன். இன்றுவரை ஆறாத வருத்தம் அது. எண்ணெய் வர்ணம் வயதாக ஆக ஒளியை உள்ளே விடும், அடியில் மறைத்தது மெல்லத் தெரிய வரும். அந்த மரமும் இப்போது வானத்துக்குள் மங்கலாகத் தெரிகிறது. மரமாகவும் இல்லை, வானமாகவும் இல்லை.

அப்படியென்றால் முடித்த படத்தைத் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. இன்னொரு படத்தின் கதையைச் சொல்கிறேன்.

1987 இல் எங்கள் தோட்டத்து மேமலையை வரைந்தேன். மலைச்சரிவு, தேயிலை, காலை மூடுபனி. அந்தச் சரிவின் நடுவில் எங்கள் லயம் இருந்தது, தகரக் கூரை போட்ட தொழிலாளர் வீட்டு வரிசை. அதை நான் வரையவில்லை. அந்த இடத்தில் மூடுபனியை இறக்கிவிட்டேன். விருந்தினர் விடுதிகளுக்குப் படம் வாங்குகிறவர்கள் லயம் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். படம் விற்கவில்லை, வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "மலை அப்படியே இருக்குப்பா. நம்ம லயம் எங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அம்மா அந்த மலையில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர்.

அம்மா போனபிறகு, 2009 இல், அந்தப் படத்தை எடுத்தேன். பனி பூசிய இடத்தில் லயத்தைப் போட்டேன். துருப்பிடித்த தகரம், இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், காயும் துணி, காலை அடுப்புப் புகை. ஒவ்வொரு காம்பராவின், ஒவ்வொரு அறையின் கதவையும் எண்ணி எண்ணிப் போட்டேன். இருபத்திரண்டு வருடம் தாமதம்தான். ஆனால் அது இடையில் முளைத்த லயம் இல்லை, வரைந்த அன்றே கண்ணெதிரே இருந்தது. நான்தான் பார்க்காத மாதிரி விட்டேன். மரத்தை மூடியபோது, பின்னால் நடந்ததற்காக அன்று பார்த்ததை அழித்தேன். லயத்தைப் போட்டபோது, அன்று பார்த்ததற்குத் திரும்பிப் போனேன். இரண்டும் ஒரே தூரிகை வேலை மாதிரித் தெரியும், டீச்சர். எனக்கு அவை வேறு வேறு.

பிரெஞ்சு ஓவியர் பியேர் பொன்னார் முடித்த படங்களைத் திருத்துவதற்குப் பேர்போனவர். அருங்காட்சியகத்தில் தொங்கிய தன் படத்தையே காவலாளி பார்க்காத நேரத்தில் தொட்டுவிட்டு வருவார் என்று சொல்வார்கள். அவருடைய கடைசிப் படம் பூத்து நிற்கும் ஒரு வாதுமை மரம். 1947 ஜனவரியில் இறந்துபோனார். அதற்குச் சற்று முன்னால், படத்தின் கீழே இடது மூலைத் தரையில் இருந்த பச்சை சரியில்லை, அங்கே மஞ்சள் வேண்டும் என்று சகோதரியின் மகனிடம் சொல்லி, அவர் உதவியோடு மாற்றினார். சாகக் கிடந்த மனிதருக்கு ஒரு மூலைப் பச்சை அவ்வளவு முக்கியமாக இருந்தது. உங்கள் தேயிலைப் பச்சை உங்களை உறுத்துவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் படத்தை நல்ல வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். வார்னிஷ் பூசியிருந்தால் அதை எடுக்காமல் மேலே வர்ணம் வைக்கக்கூடாது. எடுப்பது தெரிந்தவர் கையால் நடக்கட்டும். பூசவில்லையென்றால், மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் கன்வஸின் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்திருக்கும், அதையும் பாருங்கள். திருத்தும் இடத்தில் மட்டும் ஆளிவிதை எண்ணெயைத் துளி தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். மங்கிப்போன நிறங்கள் எழுந்து வரும், புது நிறத்தை எதோடு சேர்ப்பது என்று கண்ணுக்குத் தெரியும். டர்பன்டைன் அதிகம் கலந்த வர்ணத்தைப் பழைய வர்ணத்தின் மேல் வைக்காதீர்கள், மேலே போவதில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெடிக்கும். அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், எண்ணெய் வர்ணத்தின் மேல் நிலைக்காது.

மழைக்காலத்தில் தொடங்காதீர்கள். எண்ணெய் வர்ணம் தண்ணீர் மாதிரி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுவது. நம் குளிரிலும் ஈரத்திலும் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டே கிடக்கும். ஜனவரி வரட்டும். முடிந்ததும் கன்வஸின் பின்னால் 1999 ஐயும் திருத்திய வருடத்தையும் எழுதிவிடுங்கள்.

தேயிலை ஒரே பச்சையாக இருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய மலை சாம்பலும் பழுப்புமாய்க் கிடக்கும். துளிர் வரும் மலை மஞ்சளாய் மினுங்கும், முற்றிய மலை கறுத்திருக்கும். நடுவே சவுக்கு இலையின் அடிப்பக்கம் காற்றில் வெள்ளியாய்த் திரும்பும். இதையெல்லாம் நீங்கள் அன்று பார்த்திருப்பீர்கள், ஒரு டியூப் பச்சையோடு நின்றுவிட்டீர்கள் அவ்வளவுதான். நீங்கள் நின்று வரைந்த பக்கத்தில் அந்த வருடம் எந்த மலை கவ்வாத்தில் இருந்தது என்று, அங்கே கொழுந்து பறித்த அக்காமார் யாரையாவது கேளுங்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அன்புடன்.