கையையும் சாவியையும் யார் பார்ப்பது?

கேள்வி: மாட்ரிடில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வயது 36. மனைவி, மூன்று வயது மகளோடு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. வேலையில் நெருக்கடி அதிகம். அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு நான் மட்டும் கிரனாடா போய்விட்டு வரலாம் என்று இருக்கிறேன். மனைவி சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டாள். அங்கே இருக்கிற அல்ஹம்ப்ரா என்கிற பழைய கோட்டை அரண்மனைக்கான டிக்கெட்டையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். ஞாயிறு காலை 9 மணிக்கு எடுத்திருக்கிறாள். அவ்வளவு சீக்கிரம் எதற்கென்று தெரியவில்லை. எந்த வாசலில் நுழைவது, அந்த வாசலின் மேலே கையும் சாவியும் செதுக்கியிருப்பதைப் பார்க்க மறக்காதீர்கள் என்பதுவரை ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறாள், அதனால் அந்தக் கவலை இல்லை. தனியாகப் போனால் அலுத்துப்போகுமா? குடும்பத்தை விட்டுவிட்டுப் போகிறோமே என்று லேசாக உறுத்துகிறது. இந்த உறுத்தல் தேவையா?
- மாட்ரிட் வாசகர்

பதில்:

தம்பி, தேவைதான். இரண்டு நாள் வீட்டில் இல்லாமல் இருப்பது ஒரு குற்றமும் இல்லை. கல்யாணமானவர்கள் எப்போதாவது தனியாக ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வரலாம், வரவும் வேண்டும். உங்களை உறுத்த வேண்டியது அந்தத் தாள். "அதனால் அந்தக் கவலை இல்லை" என்று அரை வரியில் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

கையும் சாவியும் இருப்பது புவெர்த்தா தெ லா ஹுஸ்தீசியா என்கிற நீதி வாசலில். 1348-ல் முதலாம் யூசுஃப் சுல்தான் கட்டியது. வெளி வளைவின் உச்சிக்கல்லில் விரித்த கை. அதைத் தாண்டி உள்ளே இருக்கிற அடுத்த வளைவில் சாவி. அந்தக் கை என்றைக்கு அந்தச் சாவியை எட்டிப் பிடிக்கிறதோ அன்றைக்குத்தான் அல்ஹம்ப்ரா விழும் என்று ஒரு பழங்கதை உண்டு. வளைவு நல்ல உயரம். தலையைத் தூக்கிப் பார்க்காதவர்கள் அதன் அடியிலேயே நடந்து போய்விடுவார்கள். டிக்கெட் வாங்குகிற பக்கத்தில் யாரும் இதைக் கொட்டை எழுத்தில் போட்டு வைப்பதில்லை. குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தவருக்குத்தான் இது தெரியும். உங்கள் மனைவி மனதளவில் அந்த ஊருக்குப் பல தடவை போய்விட்டு வந்திருக்கிறார். நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆனால் டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கிறது.

அவர் அந்த வாசலை ஏன் எழுதினார் என்றும் நீங்கள் யோசிக்கவில்லை. அல்ஹம்ப்ராவின் பிரதான நுழைவு, ஹெனராலிஃபே தோட்டத்தின் பக்கம், மலையின் மறு கோடியில் இருக்கிறது. அங்கிருந்து, சுல்தான்கள் வாழ்ந்த நஸ்ரித் அரண்மனைகளுக்கு 15, 20 நிமிட நடை. டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் அரண்மனை வாசலுக்கான நேரம். அது தெரியாமல், 9 மணிதானே என்று பத்து நிமிடம் முன்னால் பிரதான வாசலில் போய் நிற்பவர்கள் கோட்டை விடுகிறார்கள். நேரம் தப்பினால் உள்ளே விடமாட்டார்கள். ஊருக்குள் இருக்கிற பிளாசா நுவேவா சதுக்கத்திலிருந்து குவெஸ்தா தெ கோமேரெஸ் என்கிற ஏற்றத்தில் ஏறி, மரங்களுக்கு நடுவே நடந்தால் 20 நிமிடத்தில் நீதி வாசல். கையில் டிக்கெட் இருந்தால் அங்கேயே நுழையலாம், அரண்மனை அங்கிருந்து ஐந்து நிமிடம்தான்.

காலை 9 மணி எதற்கு என்று கேட்டீர்களே. மாட்ரிடிலிருந்து கிரனாடாவுக்கு நேரடி ரயில் நாளுக்குச் சிலதான். பயணம் சுமார் மூன்றரை மணி நேரம். சனிக்கிழமை நேரத்தை எடுத்திருந்தால், ரயில் தாமதமானால் டிக்கெட்டும் அதோடு போச்சு. ஞாயிறு என்றால் அந்தப் பயம் கிடையாது. காலையில் கூட்டமும் குறைவு, வெயிலும் ஏறியிருக்காது. கோமாரெஸ் முற்றத்துக் குளத்தில் கோபுரம் அப்படியே தலைகீழாகத் தெரிய வேண்டுமானால் ஓரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாமல், காற்று அசையாமல் இருக்க வேண்டும். அது காலையில் கிடைப்பதுதான் அதிகம். அரண்மனை மூன்றும் ஒருவழிப் பாதை. மெஷ்வார், கோமாரெஸ், கடைசியில் சிங்க முற்றம். தாண்டிய இடத்துக்குத் திரும்ப வர முடியாது. இவ்வளவையும் கணக்குப் போட்டு அந்த நேரத்தை எடுத்தவரைப் பார்த்து, எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்கிறீர்கள்.

சந்தோஷமாகச் சம்மதித்தாள் என்கிறீர்கள். உனக்கும் போகணுமா என்று கேட்டீர்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இந்த இரண்டு வருடத்தில் அவர் எத்தனை ராத்திரி மகளைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளாமல் தூங்கியிருக்கிறார்? விரல் விட்டு எண்ணுங்கள். நெருக்கடி உங்கள் அலுவலகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

அப்படியானால் மூன்று பேரும் சேர்ந்தே போய்விடுகிறோம் என்று உடனே சொல்லத் தோன்றும். தாராளமாகப் போங்கள், ஆனால் அது வேறு பயணம். நஸ்ரித் அரண்மனைக்குள் குழந்தைத் தள்ளுவண்டி விடமாட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் தூக்கு என்று கையை நீட்டும். தூக்கப்போவது யார், தண்ணீர் பாட்டில் வைத்திருக்கப்போவது யார், கழிப்பறை எங்கே என்று தேடப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும். சிங்க முற்றத்தில் 124 தூண்கள் இருக்கின்றன. அவர் பார்ப்பது மகளின் பின்தலையைத்தான்.

ஆகவே சொல்கிறேன், அவர் தனியாகப் போகட்டும். உங்கள் டிக்கெட்டை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அல்ஹம்ப்ரா டிக்கெட் ஆளின் பெயருக்கும் அடையாள எண்ணுக்கும் உரியது. வாசலில் சரிபார்ப்பார்கள், வேறு பெயருக்கு மாற்றித் தரமாட்டார்கள். உங்கள் பாஸ்போர்ட் எண்ணை அந்தப் பக்கத்தில் அடித்தது அவருடைய விரல்கள். இன்று இரவு அதே பக்கத்தைத் திறந்து நீங்கள் அவருடைய எண்ணை அடியுங்கள். தேதியை அவர் சொல்லட்டும். உங்கள் பயணத்துக்கு முன்னால் கிடைத்தால் நல்லது, பின்னால் கிடைத்தாலும் சரி. அவருடைய தேதி உறுதியாகாமல் நீங்கள் ரயில் ஏறக் கூடாது.

டிக்கெட் எடுக்கும்போது கவனம் தேவை. ஹெனரால் என்கிற பொது டிக்கெட்தான் வேண்டும். அதில்தான் அல்கசாபா கோட்டை, நஸ்ரித் அரண்மனைகள், ஹெனராலிஃபே மூன்றும் சேர்த்தி. தோட்டங்களுக்கும் கோட்டைக்கும் மட்டும் ஒரு டிக்கெட் உண்டு, அதில் அரண்மனை கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு அரண்மனை வாசலில் கலங்கி நிற்பவர்கள் நிறையப் பேர். அரண்மனை நேரங்கள் வாரக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். தீர்ந்திருந்தால் கிரனாடா கார்டு என்கிற கூட்டு அட்டையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தான டிக்கெட்டுகளும் அவ்வப்போது திரும்ப வரும், காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் பாஸ்போர்ட்டையே கையில் கொண்டுபோக வேண்டும். அதைப் போட்டுவிட்டு இங்கத்திய குடியிருப்பு அட்டையை நீட்டினால் எண் ஒத்துப்போகாது. பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. இனிஷியலை விரித்து எழுதுகிறேன் என்று புதுப் பெயர் உண்டாக்காதீர்கள். ஸ்பெயின்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் என்பதால் படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தால் குழம்ப வேண்டாம்.

தங்குவதற்கு பிளாசா நுவேவா பக்கம் பாருங்கள். அல்பைசின் மேட்டுக்குள் அழகான பழைய வீடுகள் இருக்கின்றன. ஆனால் கூழாங்கல் பதித்த சந்துகள், ஏற்றம், பல இடங்களில் டாக்ஸி போகாது. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் கை விட்டுப்போகும். முதுகுப்பை போதும், அதையும் அல்ஹம்ப்ரா போகும்போது ஓட்டலிலேயே வைத்துவிட வேண்டும். மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும், அடிப்பகுதி தேய்ந்த செருப்பு ஆகாது. மாட்ரிடின் அத்தோச்சா ரயில் நிலையத்தில் பைகளை ஸ்கேன் செய்வார்கள், புறப்படுவதற்குச் சற்று முன்னாலேயே வழியை மூடிவிடுவார்கள். அரை மணி முன்னால் போய்விடுவது நல்லது.

இனி உங்கள் வேலை. அவர் போகிற இரண்டு நாளும் வீடு முழுக்க உங்கள் பொறுப்பு. அவர் மூன்று வேளைக்குச் சமைத்து டப்பாவில் அடைத்து, மேலே பெயர் எழுதி ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போனால் அது பயணமே இல்லை; வேலையை முன்கூட்டியே செய்துவிட்டுப் போவது, அவ்வளவுதான். இட்லி மாவை வியாழக்கிழமை நீங்கள் அரையுங்கள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, அவள் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததை இப்போதே எடுத்துப் பார்த்து வையுங்கள். முந்தைய சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் இரவு அவள் தூங்கும்வரை நீங்கள் ஒருவரே பார்த்து ஒத்திகை செய்யுங்கள். எங்கே சறுக்குகிறது என்று அன்றே தெரிந்துவிடும். பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குப் பசியும் தூக்கமும் சேர்ந்து வரும்போதுதான் சறுக்கும். நாலரைக்கே ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டால் அழுகை பாதி குறையும். அவர் சிங்க முற்றத்தில் நிற்கிற நேரத்தில் பாப்பாவின் நீலச் சட்டை எங்கே என்று வாட்ஸ்அப் அடிக்கக் கூடாது. ராத்திரி ஒரு தடவை பேசினால் போதும்.

குடும்பக் கடமை என்றால் சம்பாதித்துப் போடுவது மட்டும்தான் என்று நம் வீடுகளில் ஆண் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். பெற்ற பிள்ளையை இரண்டு நாள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாத அப்பா, அப்பாவாவதில் பாதி வழியில்தான் நிற்கிறார். இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

தனியாகப் போனால் அலுக்குமா என்று கேட்டீர்கள். கிரனாடாவில் அலுக்காது. சனிக்கிழமை இறங்கியதும் கரேரா தெல் தார்ரோ என்கிற ஆற்றோரத் தெருவில் நடங்கள். 1492-ல் ஊரைக் கைப்பற்றிய இசபெல், ஃபெர்னாந்து இருவரின் கல்லறை இருக்கிற அரச தேவாலயத்தைப் பாருங்கள். கதீட்ரலை ஒட்டியே இருக்கிறது. அந்தப் பக்கம் ரோஸ்மேரி கொத்தைக் கையில் திணித்துவிட்டுப் பணம் கேட்பார்கள், கையை நீட்டாமல் நடந்துவிடுங்கள். சூரியன் சாய்கிற நேரம் சான் நிக்கோலாஸ் மேட்டிலிருந்து அல்ஹம்ப்ரா சிவந்து தெரியும், நெரிசலில் பர்ஸை முன்பக்கம் வையுங்கள். குடிக்க எது வாங்கினாலும் பெரும்பாலான கடைகளில் கூடவே ஒரு சின்னத் தட்டில் தின்பண்டம் இலவசமாக வரும். சைவம் என்றால் சின் கார்னே, அதாவது இறைச்சி வேண்டாம், என்பது மட்டும் போதாது. பன்றித் தொடையைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சின் ஹமோன் (பன்றித் தொடை வேண்டாம்), சின் பெஸ்காதோ (மீன் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். கத்தரிக்காயைப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். உங்கள் மனைவி அதையும் எழுதியிருப்பார், தாளைத் திருப்பிப் பாருங்கள்.

நீங்கள் முதலில் போவதாக அமைந்தால், ஞாயிறு காலை நீதி வாசலில் நின்று கையையும் சாவியையும் நன்றாகப் பாருங்கள். படம் எடுத்து அவருக்கு அனுப்பாதீர்கள். அவர் நேரில் போய்ப் பார்க்கட்டும்.