ஈஸ்டர் தீவுக்கு விமானப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: சென்னையிலிருந்து ஈஸ்டர் தீவு போக ஆசை. டிக்கெட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கடைசிக் கட்டத்திலிருந்து. பசிபிக் கடலில் இருக்கும் இந்தத் தீவு தென் அமெரிக்க நாடான சிலியைச் சேர்ந்தது. சிலியின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து தீவு சுமார் 3,700 கி.மீ.; பறக்கவே ஐந்து மணி நேரத்துக்கு மேல். அந்த வழியில் பறப்பது லதாம் நிறுவனம்தான். முதலில் அதில் இடம் இருக்கும் தேதியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்கேற்ப.

சென்னை, துபாய், சாவோ பாவ்லோ, சாந்தியாகோ என்பது ஒரு வழி. துபாய்–சாவோ பாவ்லோ மட்டுமே ஏறக்குறைய 15 மணி நேரம், முழங்கால் கெஞ்சும். தீவு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் சாந்தியாகோவில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைத் தவறவிட்ட செலவு உங்கள் தலையில்தான் விழும். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

அப்புறம் காகிதங்கள். சிலி விசாவோடு, தீவுக்கென்று தனியாக ஆன்லைன் படிவம், திரும்பும் டிக்கெட், பதிவுபெற்ற விடுதியின் முன்பதிவு எல்லாம் வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு 30 நாள்தான் அனுமதி.

இத்தனூண்டு தீவில் ஓடுபாதை மட்டும் 3 கி.மீ.க்கு மேல்! நாசா விண்கலங்கள் அவசரமாக இறங்க நேர்ந்தால் என்று 1980களில் நீட்டியது.