க்வீன்பியனில் திறக்காத கதவு

கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறைக் கண்காணிப்பு பற்றிய குறிப்பில் ஆஸ்திரேலியாவை ருவாண்டாவோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். 2018 முதல் 2020 வரை ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்த நாடு ஆஸ்திரேலியா. ஒப்பந்தங்களிலும் கையெழுத்திட்டிருக்கிறது. சர்வதேசக் கண்காணிப்புக்கு இதற்குமேல் ஒரு நாடு என்ன செய்ய வேண்டும்? இந்தியா இதில் எங்கே நிற்கிறது?

செந்தில், ஈரோடு

பதில்

அன்புள்ள செந்தில்,

கேட்ட அறையைக் கேட்ட நேரத்தில் திறந்துவிட வேண்டும். ஆஸ்திரேலியா அங்கேதான் சறுக்கியது.

2022 அக்டோபர் 16 அன்று, நாடுகளின் சிறைகளையும் காவல் இடங்களையும் நேரில் பார்வையிடும் ஐ.நா.வின் சித்திரவதைத் தடுப்புத் துணைக்குழு 12 நாள் பயணமாக அங்கே போனது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் க்வீன்பியன் ஊரில், நீதிமன்றத்துக் காவல் அறைகளைப் பார்க்கப் போனவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். குயின்ஸ்லாந்தில் மனநல மருத்துவமனைகளின் உள்நோயாளிப் பிரிவுகளுக்குள் விடவில்லை. 23ஆம் தேதி பயணத்தை நிறுத்திவைத்த குழு, 2023 பிப்ரவரியில் அடியோடு ரத்து செய்தது. அதற்கு முன் ருவாண்டாவில்தான் பயணம் அப்படி ரத்தானது. 2016இல் உக்ரைனிலும் பாதியில் நின்றது. ஆனால் அரசு இறங்கிவந்ததும் குழு திரும்பிப் போய் வேலையை முடித்தது. ஆஸ்திரேலியாவை ருவாண்டாவோடு சேர்த்தது இதனால்தான்.

சில கதவுகள் மூடியிருந்தால் மற்றவற்றைப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றலாம். கூடாது. எந்த நாட்டுக்கு எப்போது வருகிறோம் என்பதைக் குழு முன்கூட்டியே சொல்லும். எந்தக் கட்டிடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அதற்குள் சுண்ணாம்பு அடித்து, காயம்பட்டவரை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். உள்ளே போனதும் பதிவேட்டைக் கேட்பார்கள். ஒருவர் காவலுக்கு வந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், சாப்பாடு கொடுத்த நேரம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கைதிகளிடம் தனியாக, காவலர் காதில் விழாத தூரத்தில் பேசுவார்கள். ஒருவரை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் குழு போனபின் அவர்தான் அடிபடுவார். அதனால் பலரிடம் பேச வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தோடு நாடுகள் விரும்பினால் சேரும் துணை ஒப்பந்தமான விருப்ப நெறிமுறையின் 14ஆவது பிரிவு இடத்தையும் ஆளையும் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழுவுக்கே கொடுப்பது இதற்காகத்தான். தேசப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், பெரும் கலவரம் ஆகிய அவசரங்களில் மட்டும், அதுவும் தற்காலிகமாக, ஒரு குறிப்பிட்ட இடத்தை அரசு மறுக்கலாம். க்வீன்பியனில் இவற்றில் எதுவும் இல்லை.

எங்கள் சிறைகளுக்கு ஏற்கெனவே மாநில ஆய்வாளர் இருக்கிறார், மத்திய அரசு பணமும் தரவில்லை என்றது நியூ சவுத் வேல்ஸ். பணப் பிரச்சினை உண்மையானதே. நெறிமுறைப்படி ஒவ்வொரு நாடும் தனக்குள்ளேயே ஒரு சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பை நிறுவி, அதற்குத் தேவையான நிதியும் தர வேண்டும். ஆஸ்திரேலியா 2009இல் கையெழுத்திட்டு, 2017 டிசம்பரில்தான் ஏற்புறுதி செய்தது, அதாவது சட்டப்படி கட்டுப்பட ஒப்புக்கொண்டது; இந்தக் கடமைக்கு அவகாசம் கேட்டு, நீட்டிப்பும் வாங்கியது. 2023 ஜனவரியில் அதுவும் முடிந்தபோது நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து ஆகிய மூன்று பெரிய மாநிலங்களும் அமைப்பை நியமித்திருக்கவில்லை. செலவு யாருடையது என்று மத்தியும் மாநிலமும் ஆண்டுக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தன. ஆனால் க்வீன்பியன் கதவைத் திறக்க அந்தப் பணம் தேவையில்லை. கூட்டாட்சி நாடானாலும் நெறிமுறை எல்லாப் பகுதிகளுக்கும் விதிவிலக்கின்றிப் பொருந்தும் என்று அதன் 29ஆவது பிரிவு சொல்கிறது. மாநிலத்தைக் காட்டி கான்பெராவில் உள்ள மத்திய அரசு தப்ப முடியாது. தடையாக இருந்த சட்ட நிலைமையை மாற்றி, குழுவை அனுமதிக்கும் சட்டத்தை குயின்ஸ்லாந்து 2023 மே மாதம் நிறைவேற்றியது. பயணம் ரத்தாகி மூன்று மாதம் கழித்து.

இந்தியா பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலங்கைகூட 2017 டிசம்பரில் இந்த நெறிமுறையில் சேர்ந்தது. 2019 ஏப்ரலில் துணைக்குழு அங்கே போய் வந்தது. இந்தியா சித்திரவதைக்கு எதிரான தாய் ஒப்பந்தத்திலேயே 1997இல் கையெழுத்திட்டதோடு நிற்கிறது, ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், கடைசியில் காலாவதியானது. ஏற்புறுதி செய்யுங்கள் என்று சட்ட ஆணையம் 2017இல் தன் 273ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தும் நகரவில்லை. ஈரோட்டில் ஒரு லாக்கப்பின் பதிவேட்டைக் கேட்டுவாங்கிப் பார்க்கும் உரிமை இன்று இந்தக் குழுவுக்குக் கிடையாது.