சி.எஸ்.பி. நன்றாக இருந்தும் பாவு ஏன் அறுகிறது?

கேள்வி: சோமனூர் பக்கம் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறேன். தரகர் மூலம் 40ஆம் நம்பர் பருத்தி நூல் வாங்கி, சைசிங் (நூலுக்குக் கஞ்சி) போட்டு ஓட்டுகிறேன். அவர் தந்த ரிப்போர்ட்டில் சி.எஸ்.பி. (நூலின் பலத்தைக் காட்டும் எண்) 2,560. கையால் இழுத்துப் பார்த்தாலும் உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஓயாமல் அறுகிறது. "நூலில் குறை இல்லை, தறியைப் பாருங்கள்" என்கிறார். எந்தச் சோதனை செய்தால் உண்மை தெரியும்? அடுத்து விஸ்கோஸ் ஓட்டலாமா?

பதில்: அந்த 2,560-ஐ முதலில் ஓரமாக வையுங்கள். 120 கஜம் நூலை 80 சுற்றாகச் சுற்றி, அந்தச் சிட்டத்தை மொத்தமாக இழுத்து அறுக்கிறார்கள். அறுத்த பவுண்டை நூல் நம்பரால் பெருக்கினால் சி.எஸ்.பி. மெட்ரிக் அளவுக்கு நாடு மாறி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது; நூல் சந்தை இன்னும் கஜத்தையும் பவுண்டையும் விடவில்லை. அது போகட்டும். 80 சுற்று என்றால் 160 இழைகள் ஒன்றாகச் சுமை தாங்குகின்றன. அதில் நாலு இழை நைந்திருந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும், எண் நன்றாகவே வரும்.

தறியில் அப்படி இல்லை. ஒவ்வொரு பாவு இழையும் அதைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணுக்குள் தனியாகத்தான் மேலும் கீழும் போய் வருகிறது. பாவு சுற்றிய உருளையான பீமை விட்டுக் கிளம்பித் துணியாகிற வரைக்கும் ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டுத் தளர்கிறது. சராசரி பலம் எவ்வளவு இருந்தால் என்ன, இருப்பதிலேயே மெலிந்த இடத்தில்தான் அறும். நீங்கள் கையால் இழுத்தது ஒரு சாண் நூல். அந்த ஒரு சாணில் மெலிந்த இடம் வந்து மாட்டுவது அபூர்வம்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது தனி இழைச் சோதனை. அரை மீட்டர் நூலை இரண்டு பிடிக்கு நடுவே மாட்டி, ஒன்றொன்றாக மெஷின் இழுத்து அறுக்கும். கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் செய்து தருகிறார்கள். ரிப்போர்ட் வந்ததும் சராசரியோடு நிறுத்தாதீர்கள். எல்லாவற்றிலும் குறைவாக வந்த பலம் எவ்வளவு, ஏற்றத்தாழ்வு எத்தனை சதவீதம், நீட்சி எத்தனை சதவீதம் என்று மூன்றையும் பாருங்கள். 40ஆம் நம்பர் பருத்தி நூல் அறுவதற்குமுன் சுமார் 4 முதல் 6 சதவீதம்தான் நீளும். அந்த நீட்சிதான் தறியின் உதறலை வாங்கிக்கொள்கிறது. பலம் இருந்தும் நீட்சி இல்லாத நூல் தறியில் நிற்காது.

சைசிங் இங்கேதான் வருகிறது. கஞ்சி ஏறினால் பலம் கூடும், நீட்சி குறையும். ஈரப் பாவை அதிகம் இழுத்தாலோ மொறுமொறுவென்று காயவைத்தாலோ நீட்சி இன்னும் போய்விடும். ஆகவே கோனிலிருந்து ஒரு மாதிரி, சைசிங் ஆன பீமிலிருந்து ஒரு மாதிரி, இரண்டையும் கொடுங்கள். கோன் நூலிலேயே நீட்சி குறைவு என்றால் நூல்காரரைக் கேளுங்கள். கோனில் 5 சதவீதம் இருந்து பீமில் பாதியாகிவிட்டது என்றால் சைசிங்காரரைக் கேளுங்கள். தரகர் இந்த இரண்டையும் பேசாமல் நேராகத் தறிக்குப் போய்விட்டார், கவனித்தீர்களா?

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். இந்த வியாபாரத்தில் அதிகமாக ஏமாற்று நடப்பது இங்கேதான். உங்கள் நூல் உண்மையில் 38ஆம் நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் குறைந்தால் நூல் தடிக்கும், அதனால் சிட்டம் 64 பவுண்டு தாங்குகிறது. 64-ஐ 38-ஆல் பெருக்கினால் 2,432. பையில் அச்சடித்திருக்கும் 40-ஆல் பெருக்கினால் 2,560! உங்கள் எண்ணும் அதேதான். இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதனையில் வந்த உண்மையான நம்பர் ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் அந்த சி.எஸ்.பி.யை நம்பாதீர்கள். நஷ்டம் பலத்தோடு நிற்பதில்லை. 40ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம் வர வேண்டும், 38 என்றால் 31,920 கஜம்தான். 40-க்கு விலை கொடுத்து, பவுண்டுக்கு 1,680 கஜம் இழக்கிறீர்கள்.

ஈரமும் ஒரு வழி. பருத்தி ஈரம் பட்டால் பலம் கூடும். ஈர நூலை அப்படியே இழுத்தால் எண் அழகாக வரும். எடையிலும் தண்ணீருக்குச் சேர்த்துக் காசு வாங்கிவிடலாம். 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்து சோதித்ததாக ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். லாட் நம்பர் உங்கள் பையில் உள்ளதுதானா என்றும் பாருங்கள். போன வருஷத்து லாட்டின் ரிப்போர்ட்டை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்கிற தரகர்கள் இருக்கிறார்கள். நூல் பில்லில் நம்பர், எடை, ஜி.எஸ்.டி. எல்லாம் இருக்கிறது, பலமும் நீட்சியும் ஒரு வரி இல்லை. அதை எழுதித் தர ஏன் யாரையும் கட்டாயப்படுத்த முடியவில்லை என்பது எனக்குத் தீராத எரிச்சல். நெசவுக் குறைக்கு மட்டும் தறிக்காரர் பணத்தில் உடனே பிடித்துவிடுகிறார்கள்.

மாதிரியைத் தரகர் எடுத்துத் தர விடாதீர்கள். வெவ்வேறு பைகளிலிருந்து பத்துக் கோனை நீங்களே எடுங்கள். பை லேபிளையும் கூடவே வையுங்கள்.

தறி மேல் பழி வருமே என்றால், ஒரு பழைய நோட்டு போதும். அறுந்த முனையை அப்படியே டேப் போட்டு ஒட்டி, எந்தத் தறி, பாவில் எந்த இடம் என்று எழுதுங்கள். ஒரே தறியில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் விழுதோ, இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சோ தேய்ந்திருக்கிறது. எட்டுத் தறியிலும் கண்ட இடத்தில் அறுந்து, முனையில் மெலிவோ ஒட்டுப் பிரிந்த இடமோ தெரிந்தால் நூல்தான்.

மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்ன நீட்சிக் கணக்கை அங்கே கொண்டு போகாதீர்கள். விஸ்கோஸ் நூல் பருத்தியைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளும். அந்த எண்ணைக் காட்டித்தான் "தறியில் அறவே அறாது" என்று விற்பார்கள். ஆனால் நீள்வது வேறு, நீண்டது பழையபடி சுருங்கித் திரும்புவது வேறு. விஸ்கோஸ் அவ்வளவாகத் திரும்பாது. அதோடு, ஈரத்தில் பருத்தி பலம் கூடும், விஸ்கோஸோ ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கும். சைசிங்கில் பருத்திக்கு வைத்த அதே இழுவையில் ஈர விஸ்கோஸ் பாவை ஓட்டினால், அது அறாமல் நீண்டுகொண்டே வரும், நீண்டபடியே காய்ந்துவிடும். பீம் பார்க்க அழகாக இருக்கும். தறியில் ஏற்றிய பிறகுதான் நூலில் நீட்சியே மிச்சமில்லை என்று தெரியும். சைசிங்காரரிடம் விஸ்கோஸ் என்று முன்கூட்டியே சொல்லி, ஈரப் பகுதியில் இழுவையைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு பீம் போடுங்கள். அதிலிருந்து மாதிரி கொடுத்து, மிச்ச நீட்சி என்ன என்று ரிப்போர்ட் வந்த பிறகு அடுத்த பீமுக்குப் பணம் கட்டுங்கள்.